எக்காரணம் கொண்டும்

மேடையில் வீற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் பூபாலன் அவர்களே, செயலாளர் ஜெர்சன் அவர்களே, மலைப்பாதை வளைவுகளில் தாங்கள் பட்ட துன்பத்தை விரிவாகவும் மறைந்தவரைப் பற்றிச் சுருக்கமாகவும் பேசி அமர்ந்திருக்கும் சங்கத்துப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் துணைவியார் சகோதரி ஆன்மேரி அவர்களே, புதூர்நாட்டிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்து, நாற்காலி போதாமல் தரையில் அமர்ந்திருக்கும் மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் அமுதவல்லி. கீழே கோர்ட்டில் வக்கீல். மறைந்த சந்தியாகப்பனோடு இதே சமுதாயக் கூடத்தில், இப்போது மாலை வைத்திருக்கிறீர்களே, இதே மேசையில் சமரசராக உட்கார்ந்தவள். என்னைக் கடைசியில் பேசக் கூப்பிட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். வெளியே பிரியாணி வந்து இறங்கிவிட்டது. வாசனை இங்கே வரை வருகிறது. பசி நேரத்தில் இந்த அம்மாள் சீக்கிரம் முடித்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டீர்கள். உங்கள் கணக்கு தப்பு. எனக்குப் பசிக்கவில்லை.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரை எல்லோரும் ஒரு முறை பாருங்கள். 'சமரசச் சிகரமே, நீதியின் தென்றலே, எங்கள் சந்தியாகப்பனே' என்று எழுதியிருக்கிறது. சிகரத்தின் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி செலுத்தும் தலைவர் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது, கூலிங் கிளாஸோடு. வழியில் போகிற யாராவது பார்த்தால் இறந்து போனவர் பூபாலன் என்று நினைத்துக்கொண்டு அவருக்கு மாலை வாங்கப் போவார். பேனர் அடித்தவரைக் குறை சொல்ல முடியாது. சங்கம் எதைக் கொடுத்ததோ அதைத்தான் அவர் அடித்திருப்பார்.

உயிரோடு இருந்தபோது அவரை என்னவென்று கூப்பிட்டீர்கள், பெருமக்களே? சிகரம் என்றா? தென்றல் என்றா? 'டீ வக்கீல்' என்று கூப்பிட்டீர்கள். இரு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து, முதலில் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுப்பார் என்பதால் அந்தப் பெயர். கேன்டீனில் அவர் நுழைந்தால், "வந்துட்டாருப்பா, பத்து கேசைப் பேசியே முடிச்சு நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போடற மகான்" என்று சொல்லிச் சிரித்தவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று நான் சொல்லவில்லை. மேடையில் போட்டிருக்கும் நாற்காலிகளை எண்ணினால் போதும்.

கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்தீர்கள். எல்லோரும் எழுந்தோம். ஒரு செல்போன் அடித்தது. தலைவரே, அது உங்களுடையது. அதை எடுத்து, "மீட்டிங்ல கீறேன், நீயே போய் வாய்தா வாங்கிடு" என்று சொன்னீர்கள். நின்றபடியேதான் சொன்னீர்கள், அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை. ஒரு நிமிடம்கூடப் பேசாமல் இருக்க முடியாதவர்கள், பேசாமல் இருப்பதையே தொழிலாகக் கற்றுக்கொண்ட ஒரு மனிதருக்கு அஞ்சலி செலுத்த மலையேறி வந்திருக்கிறோம்.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மகான் இல்லை. மகான் என்று நான் சொன்னால் சகோதரி ஆன்மேரியே சிரித்துவிடுவார். தொடக்கத்தில் சந்தியாகப்பன் உங்களைப் போன்றவர்தான். உங்களைவிடக் கெட்டிக்காரர், அதனால் உங்களைவிட ஆபத்தானவர். சாட்சிக் கூண்டில் ஏறியவரைக் கேள்வியாலேயே உரித்து எடுப்பார். மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கட்சிக்காரர் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது எழுதுவார். நம் தொழிலில் அதற்குப் பெயர் திறமை. வந்தவன் கேட்டதை மட்டும் எழுதிக் கொடுக்கிற வக்கீலை நாம் வக்கீல் என்றே சொல்வதில்லை, அவனுக்கு அனுபவம் போதாது என்போம்.

அந்தத் திறமை உச்சத்தில் இருந்த காலத்தில்தான் சிங்காரம் அவரிடம் வந்தார். சிங்காரம் இங்கே இருக்கிறார், தூணுக்குப் பக்கத்தில். அவர் மனைவி குப்பம்மாவும் இருக்கிறார். இனி நான் சொல்லப்போவதை அவர்கள் இருவரிடமும், வாசலில் நிற்கும் சின்னக்குழந்தையிடமும் அனுமதி கேட்டுவிட்டே சொல்கிறேன். பெயர்தான் சின்னக்குழந்தை. ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பது உங்களுக்கே தெரியும்.

சிங்காரத்தின் நிலத்துக்கு நடுவே ஒரு பாதை போகிறது. கீழே சாலையோரப் புளியமரத்தில் தொடங்கி, மேலே அவர் வீட்டைத் தொட்டுக்கொண்டு, அதற்கு அப்பால் இருக்கிற சின்னக்குழந்தையின் வீடு வரைக்கும். சின்னக்குழந்தை வைத்திருப்பது ஒரு ஜீப். அந்தப் பக்கத்து ஊர்களுக்கு வண்டி என்றால் அது ஒன்றுதான். புளி மூட்டை கீழே போவதும், பலாப்பழம் சந்தைக்குப் போவதும், காய்ச்சல்காரர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். அந்த ஜீப் தன் நிலத்துப் பாதையில் போய்வருவது பற்றி சிங்காரத்துக்கு ஏதோ மனக்குறை. அதைச் சொல்லத்தான் அவரும் குப்பம்மாவும் பஸ் பிடித்து சந்தியாகப்பனிடம் போனார்கள்.

சந்தியாகப்பன் என்ன செய்தார்? நீங்கள் செய்வதைத்தான் செய்தார். இருவரையும் பாதிப் பேச்சில் நிறுத்தி, "புரிஞ்சுதுப்பா, நான் பாத்துக்கறேன், நீ கையெழுத்துப் போடு" என்றார். நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டார். அவர் வைத்த வாசகம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். பிரதிவாதியோ, அவரது ஆட்களோ, அவரது வாகனமோ மேற்படி பாதையில் பிரவேசிக்கக் கூடாது. அதோடு நிறுத்தவில்லை. பேனாவை எடுத்து, 'எக்காரணம் கொண்டும்' என்று தன் கையாலேயே இடையில் சேர்த்தார். அந்தச் சேர்க்கையைப் பற்றி எங்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். "ஓட்டையே இல்லாம அடைச்சுட்டேன் அமுதவல்லி" என்றார். எதிர்த்தரப்பில் பூபாலன் அவர்கள் வாதாடினார், அதாவது வாய்தா வாங்கினார். சந்தியாகப்பன் ஜெயித்தார். வாசகம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் தீர்ப்பானது. ஜீப் புளியமரத்தோடு நின்றுபோனது. சின்னக்குழந்தை கீழே வண்டியை நிறுத்திவிட்டு மேலே தன் வீட்டுக்கு நடந்தார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் குப்பம்மாவுக்குப் பிரசவ வலி வந்தது. நாள் தள்ளி வர வேண்டிய வலி, முன்னாலேயே வந்துவிட்டது. நல்ல பகல், ஆனால் கண் தெரியாத மழை. சிங்காரத்தின் தம்பி புளியமரத்துக்கு ஓடிவந்து, "அண்ணா, வண்டிய மேல ஏத்துங்க, அண்ணிக்கு ரொம்ப முடியல" என்று கேட்டார். சின்னக்குழந்தை மறுக்கவில்லை. பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய் விரித்தார். வண்டியைக் கிளப்பினார். கிளப்பியவருக்கு ஒரு பயம் வந்தது. கோர்ட்டு எழுதியதாயிற்றே என்று தன் வக்கீலுக்குப் போன் போட்டார்.

தலைவரே, நீங்கள் சொன்ன பதிலை அவர் இன்றுவரை மறக்கவில்லை. "கால வெச்சே, நேரா ஜெயிலுதான். அவனே கூப்ட்டு, நீ உள்ள வந்ததும் கேசு போடறதுக்கு நாடகம் ஆடறான். எக்காரணம் கொண்டும்னு எழுதிக்கிது, படிக்கல நீ?" என்றீர்கள். சட்டப்படி நீங்கள் சொன்னதில் பிழை இல்லை. உங்களுக்கு அந்தத் திருப்தியாவது இருக்கட்டும்.

என்ஜினை ஓடவிட்டபடி சின்னக்குழந்தை புளியமரத்தடியில் நின்றார். மேலேயிருந்து புடவையில் தூளி கட்டி, சேற்றில் வழுக்கி வழுக்கி, குப்பம்மாவைத் தூக்கி வந்தார்கள். பாதி வழியில், சாமைக் கொல்லைக்குப் பக்கத்திலேயே குழந்தை பிறந்தது. அது அழவில்லை.

ஓட்டை இல்லாமல் அடைத்த தீர்ப்பு என்ன செய்யும் என்று சந்தியாகப்பன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். ஜெயித்த வக்கீல் துக்கம் கேட்க மலையேறி வந்தார். சிங்காரம் அவரைத் திட்டவில்லை, உட்காரச் சொன்னார். அதை அவரால் தாங்க முடியவில்லை. கீழே வந்து என்னிடம், "அந்தப் பொண்ணு என்னைப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிச்சு. நான் ஜெயிச்சுக் குடுத்தவன்" என்றார். அந்த வாரம் அவர் கோர்ட்டுக்கு வரவில்லை.

சின்னக்குழந்தையின் பெயரில் பாதை உரிமை கேட்டு பூபாலன் அவர்கள் வேறொரு வழக்குப் போட்டார். குழந்தை போன வீட்டின் மீது வழக்கு! சிங்காரத்துக்காக சந்தியாகப்பன் இனி ஆஜராக மாட்டேன் என்று விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு ஜெர்சன் அவர்கள் வந்தார். வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுத்தது. ஜீப் புளியமரத்தடியிலேயே நின்றது.

இந்த இடைவெளியில்தான் அந்தப் பயிற்சி வந்தது. வழக்கறிஞர்களுக்கான சமரசப் பயிற்சி. நாம் எல்லோரும் போனோம். எதற்குப் போனோம்? சான்றிதழுக்குப் போனோம். சமரசர் பட்டியலில் பெயர் ஏறும், விசிட்டிங் கார்டில் ஒரு வரி கூடும் என்று போனோம். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டும் சிலர் வந்தார்கள்.

பயிற்சியில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், நடுவில் ஒரு மதில் சுவர், அதில் தகராறு. ஒரு வீட்டுக்காரராக பூபாலன் நடித்தார். இன்னொருவராக நம் மூத்த வழக்கறிஞர் ஒருவர் நடித்தார், பெயர் வேண்டாம், அவரும் மேடையில் இருக்கிறார். சமரசராக ஜெர்சன். பேசித் தீர்க்க வேண்டிய விளையாட்டு அது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? இல்லாத சுவருக்கு இல்லாத பத்திரத்தைக் காட்டு என்றார் ஒருவர். அது போலிப் பத்திரம் என்றார் மற்றவர். சமரசரான ஜெர்சன் "அப்ஜெக்‌ஷன்" என்று தானே எழுந்து நின்றார். பயிற்சி கொடுத்த அம்மையார் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த இரண்டு பெரியவர்களுக்கும் அன்றையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கேன்டீனில் இன்றுவரை தனித்தனி மேசை. கட்டப்படாத ஒரு சுவருக்காக! இருவரிடமும் சமரசச் சான்றிதழ் இருக்கிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு பயிற்சியும் இருந்தது. கேட்பதற்கு மிகச் சுலபமானது. எதிரே இருப்பவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. அம்மையார் ஒரு கட்சிக்காரராக, "பக்கத்து வூட்டு நாய் குரைக்குது, எனக்குத் தூக்கம் வரல" என்றார். ஜெர்சன் எழுந்து, "எதிர்த்தரப்பின் அலட்சியத்தால் என் கட்சிக்காரர் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகி" என்று தொடங்கினார். பூபாலன் அதோடு நஷ்ட ஈட்டையும் சேர்த்தார். எல்லோரும் கைதட்டினீர்கள். மூன்றாவதாக சந்தியாகப்பன் எழுந்தார். "பக்கத்து வீட்டு நாய் குரைப்பதால் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, ஆகவே அந்த நாயை அகற்ற வேண்டும் என்கிறீர்கள்" என்றார்.

அம்மையார் அமைதியாக, "அகற்றணும்னு நான் சொல்லலையே சார்" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடைவேளையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டபடி, "சிங்காரம் அன்னிக்கு இன்னா சொன்னான்னு எனக்கு ஞாபகமே இல்ல அமுதவல்லி. நான் எழுதினதுதான் ஞாபகம் இருக்குது" என்றார்.

அதன் பிறகு அந்த மனிதர் அந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத் தெரியும். எங்களையெல்லாம் படுத்தியும் எடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் "சில்லற இல்லியா" என்றால், "சில்லறை இல்லையான்னு கேக்கறீங்க" என்பார். கண்டக்டர் முறைப்பார். வீட்டில் சகோதரி ஆன்மேரி "கொழம்புல உப்பு கம்மியா" என்று கேட்டால், "உப்பு கம்மியான்னு கேக்கற" என்பார். ஒரு நாள் ஆன்மேரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் போனில், "இந்த மனுசனுக்கு இன்னா ஆச்சு, கிளி மாதிரி பேசறாரு, டாக்டர்கிட்ட காட்டணுமா" என்று கேட்டார். பாருங்கள், இன்றும் சிரிக்கிறார். கிளியாக இருப்பது எத்தனை கடினம் என்று அவர் வக்கீலாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். நம் வாய்க்குள் போன எந்த வாக்கியமாவது போன அளவிலேயே வெளியே வந்திருக்கிறதா?

பிறகு காத்திருக்கக் கற்றார். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. நீங்கள் நினைப்பீர்கள், இதில் என்ன இருக்கிறது, மரம்கூட இருக்கும் என்று. இருந்து பாருங்கள். எதிரே ஒருவர் வாய் பூட்டி உட்கார்ந்திருக்கும்போது, "அதாவது நீங்க சொல்ல வர்றது" என்று எடுத்துக் கொடுக்காமல் இருந்து பாருங்கள். இந்தக் கூடத்தில் எத்தனையோ குடும்பங்கள் அவர் எதிரே உட்கார்ந்திருக்கின்றன. என்ன பேசினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சமரச அறையில் பேசியது அந்த அறையோடு போக வேண்டும், அதுவும் அவர் கற்றதில் ஒன்று. டீ ஆறும், வெளியே கோழி கத்தும், இவர் பேசாமல் இருப்பார். கடைசியில் வந்தவர்களே பேசுவார்கள். எழுந்து ஒன்றாகப் பஸ் ஏறப் போவார்கள். அதைத்தான் நீங்கள் டீ என்று கேலி செய்தீர்கள். உங்களுக்கு வெளியே தெரிந்தது அது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு சிங்காரம், சின்னக்குழந்தை வழக்கையும் நீதிபதி சமரசத்துக்கு அனுப்பினார். சந்தியாகப்பன் எடுக்க மறுத்தார். ஒரு தரப்புக்கு வக்கீலாக இருந்தவன் நடுவில் உட்காரக் கூடாது என்றார். சரியான பேச்சு. ஆனால் சின்னக்குழந்தை, "அவரே இருக்கட்டுங்க. இத எழுதினது அவரு. இதுல இன்னா இருக்குதுன்னு அவருக்குத்தான் தெரியும்" என்றார். சிங்காரமும் சம்மதித்தார். இருவரும் எழுதிக் கொடுத்து, நீதிபதியும் ஒப்புக்கொண்ட பிறகுதான், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

அவர் முதலில் பேசக் கூப்பிட்டது குப்பம்மாவை. ஜெர்சன் அவர்களே, நீங்கள் அப்போது எழுந்து, "அந்தம்மா வழக்கில் பார்ட்டியே இல்லை" என்றீர்கள். பார்ட்டி இல்லைதான். வழக்கில் அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. குழந்தையைச் சுமந்தவர் மட்டும்தானே அவர்! சந்தியாகப்பன் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

கடைசி அமர்வில் அவர் சிங்காரத்திடம் ஒரு கேள்வி கேட்டார். மூவரின் அனுமதியோடு அதை மட்டும் சொல்கிறேன். "சிங்காரம், மொதமொதல்ல எங்கிட்ட வந்தப்போ நீ இன்னா கேட்ட? நான் எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நீ கேட்டது மறந்து போச்சுப்பா. திருப்பிச் சொல்லு" என்றார்.

சிங்காரம் குப்பம்மாவைப் பார்த்தார். குப்பம்மா ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது லேசில்லை என்று அங்கே இருந்த எங்களுக்குத் தெரிந்தது. சொன்னால், கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் ஒரு உயிர் போயிருப்பது பளிச்சென்று தெரிந்துவிடும். சந்தியாகப்பன் காத்திருந்தார். கடைசி பஸ் வந்துவிட்டது. "பரவால்ல, அடுத்த தடவ சொல்லு, நான் எங்கியும் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அடுத்த வாரம் மாரடைப்பு. இந்த விஷயத்தில் மட்டும் அவர் வாக்குத் தவறினார்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். கேட்கச் சுவையான பகுதி, பிரியாணியைச் சற்று மறந்துவிடுங்கள். சங்கத்தின் கார் பாதி மலையில் சூடேறி நின்றுவிட்டது. தலைவரும் செயலாளரும் சாலையோரம் நின்று, அந்த வழியாக வந்த ஒரு ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். வரும் வழியில் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். வழக்கு எண்ணைச் சொல்லித்தான் பேசினார்கள். "டீ வக்கீல் போய்ட்டாரு, திங்கட்கிழமை சமரசம் தோல்வின்னு மெமோ போட்டு விசாரணைக்கு எடுத்துக்கலாம். இந்த மலைக்காரனுங்க எங்க ஒத்துப்போவப் போறானுங்க, இன்னும் கொஞ்ச காலம் ஓடட்டும்" என்றார் ஒருவர். "எனக்கும் ஆட்சேபணை இல்ல" என்றார் மற்றவர். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எதிரெதிர்த் தரப்பு வக்கீல்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு முடிவுக்கு வந்ததைப் பார்த்தால் சந்தியாகப்பனே டீ சொல்லியிருப்பார்.

இறங்கும்போது தலைவர், "எவ்ளோப்பா" என்று டிரைவரிடம் கேட்டார். டிரைவர், "வாணாங்க" என்று சொல்லிவிட்டார்.

தலைவரே, அந்த ஜீப்பை ஓட்டி வந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிகிறதா? வாசலைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் யாருக்காக வாதாடுகிறீர்களோ, அந்தச் சின்னக்குழந்தை. உங்கள் கட்சிக்காரர். வழக்கு எண் உங்களுக்கு மனப்பாடம், முகம் தெரியவில்லை. சமரச அமர்வில் அதே முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த செயலாளருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் கியர் போட்டுக்கொண்டு இருந்தவரின் வாழ்க்கையை இழுத்தடிக்க அவருடைய வண்டியிலேயே உட்கார்ந்து ஏற்பாடு செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள். நான் உங்களைத் திட்டவில்லை. அவர் கண்ணெதிரே நடந்ததை, அவர் என்னிடம் சொன்னபடியே திருப்பிச் சொல்கிறேன். சான்றிதழ் பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இந்தக் கூட்டத்தின் முடிவில் தீர்மானம் போடப் போகிறீர்கள். 'அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம்' என்று ஜெர்சன் அவர்கள் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். எந்தப் பணி? பேனர் கட்டும் பணியா? நீங்கள் தொடர வேண்டாம். உங்களால் முடியாது. உங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. நான் தொடர்கிறேன். திங்கட்கிழமை நீங்கள் மெமோவைத் தூக்கிக்கொண்டு வரும்போது, சமரசர் ஒருவர் உயிரோடு இருக்கிறார், அமர்வு முடியவில்லை என்று நீதிபதியிடம் நான் சொல்வேன். கட்சிக்காரர் கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும், எக்காரணம் கொண்டும், என் பேனாவிலிருந்து சேராது. சந்தியாகப்பன் மீது ஆணையாக இது என் உறுதி.

காலையில் நீங்கள் குலைத்த மௌனத்தை இப்போது திரும்பக் கேட்கிறேன். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். செல்போன்களை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் என்று வரையறை இல்லை. சந்தியாகப்பன் எவ்வளவு காத்திருப்பாரோ அவ்வளவு. சிங்காரம், குப்பம்மா, சின்னக்குழந்தை, நீங்கள் மூவரும் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் கேள்வி மட்டும் இன்னும் இந்த மேசையில் இருக்கிறது. நிற்போம்.

தலைவரே, வேண்டாம். கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

குப்பம்மா கையைத் தூக்குகிறார். அந்த மைக்கை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மைக் வேண்டாமா? சரிம்மா. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்தே சொல்லுங்கள்.

சொல்லிவிட்டார். வாசலிலிருந்து சின்னக்குழந்தையும் பதில் சொல்லிவிட்டார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மேடைக்கும் கேட்டிருக்காது. அவர்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

குப்பம்மா சொன்னார்: "பாதையில சாமை காயப் போட்டிருந்தோம். ஜீப்பு அது மேல ஏறிப் போச்சு. காயற வரிக்கும் கொஞ்சம் ஓரமா, மெதுவா ஓட்டச் சொல்லுங்கன்னு கேட்டோம். அத்த மட்டுந்தான் கேட்டோம்."

சின்னக்குழந்தை சொன்னார்: "அன்னிக்கே சொல்லியிருந்தா ஓட்டியிருப்பேனேம்மா. இனிமே ஓட்டறேன்."

சந்தியாகப்பன் சார், நான் எதையும் சேர்க்கவில்லை.